வால்வு லீக், தொடை வழிக் கிளிப்: எக்கோ அறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

எனக்கு வேலை எக்கோ அறையில், அதாவது இதயத்தை அல்ட்ராசவுண்டில் படம் பார்க்கும் இடத்தில். நெஞ்சில் ஜெல்லைத் தடவி ப்ரோபை வைத்த நிமிஷமே கேள்வி தொடங்கிவிடும். திரையில் நீலமும் சிவப்பும் பாய்வதைப் பார்த்துவிட்டு, "அது என்ன சிஸ்டர், ரத்தமா?" என்பார்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் டாக்டர்தான். யாருக்கு என்ன சிகிச்சை என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் டாக்டர் அறையில் ஐந்து நிமிஷத்தில் கேட்டது பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வெளியே வருகிறவர்கள், ஒரே பத்துப் பதினைந்து சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் மிட்ரல் வால்வைப் பற்றி. கடைசிப் பக்கம் மற்ற வால்வுகளும் வரும்.

வால்வு லீக்னா இதயத்துல ஓட்டைன்னுதானே அர்த்தம்?

இல்லை. ஓட்டை என்பது அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் இருப்பது, பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. வால்வு லீக் என்பது கதவு சரியாகச் சாத்தாமல் இருப்பது. இதயத்தின் இடது பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மிட்ரல் வால்வு இருக்கிறது. இரண்டு இதழ்கள். கீழறை சுருங்கி ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும்போது இரண்டும் ஒன்றோடொன்று அழுந்தி மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் ஒரு பங்கு ரத்தம் வந்த வழியே மேலறைக்குத் திரும்பும். அங்கிருந்து அழுத்தம் நுரையீரலுக்கு ஏறும். படி ஏறினால் மூச்சு வாங்குவதும், ராத்திரி ரெண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருவதும் அதனால்தான்.

ரிப்போர்ட்ல 'டிரிவியல் எம்.ஆர்.'னு போட்டிருக்கு. ஆபரேஷன் வரைக்கும் போகுமா?

பெரும்பாலும் போகாது. எம்.ஆர். என்றால் மிட்ரல் லீக், டிரிவியல் என்றால் ரொம்பச் சின்னது. நல்ல இதயத்திலும் ஒரு துளி திரும்புவது உண்டு. எங்கள் மெஷின் அதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். டிரிவியல், மைல்டு என்று எழுதியிருந்தால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் எக்கோ பார்த்துக்கொண்டால் போதும். இந்தப் பக்கத்தில் பேசுவதெல்லாம் 'சிவியர்', அதாவது கடுமையானது என்று எழுதப்பட்ட லீக்கைப் பற்றி.

நெஞ்சைத் திறக்காம தொடை வழியாவே சரி பண்ணிடலாமாமே? உள்ளே போய் என்னதான் பண்ணுவாங்க?

தொடை மடிப்பில் உள்ள ரத்தக் குழாயில், அதாவது சிரையில், சுமார் 8 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாயை நுழைப்பார்கள். அது இதயத்தின் வலது மேலறைக்குப் போகும். லீக்கோ இடது பக்கம். அதனால் நடுச்சுவரில் ஊசியால் ஒரு துளை போட்டு அந்தப் பக்கம் போக வேண்டும். துளை போடும் இடம் ரொம்ப முக்கியம். வால்வுக்கு மேலே சுமார் 4 செ.மீ. உயரம் வேண்டும், தாழப் போட்டுவிட்டால் குழாயை வளைத்துத் திருப்ப இடம் இருக்காது. ஊசி அழுத்தும்போது சுவர் கூடாரம் மாதிரி உள்வாங்கும். திரையில் அந்தக் கூடாரத்தின் உச்சியிலிருந்து வால்வு வரை அளந்து சொன்ன பிறகுதான் டாக்டர் குத்துவார். அரை சென்டிமீட்டர் தவறினால் எடுத்துவிட்டு மறுபடியும்.

பிறகு குழாயின் நுனியில் இருக்கும் கிளிப்பை விரிப்பார்கள். துணி காயப் போடும் கிளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைகளின் நீளம் 9 அல்லது 12 மி.மீ. இரண்டு இதழ்களும் ஒரே நேரத்தில் அந்தக் கைகளில் வந்து விழ வேண்டும். இதயம் நிற்காது, துடித்துக்கொண்டே இருக்கும். ஒரு இதழ் சிக்கும், மற்றது நழுவும். மறுபடி விரி, மறுபடி தூக்கு. இரண்டும் சிக்கி கிளிப் மூடியதும் திரையில் பெரிதாகப் பாய்ந்துகொண்டிருந்த வண்ணம் சட்டென்று சுருங்கும். அந்த ஒரு நொடிக்காக ஒரு மணி நேரம், சில சமயம் மூன்று மணி நேரம்கூட நின்றிருக்கிறோம்.

நடுவில் இரண்டு இதழையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் வால்வு ஒரு வாசலுக்குப் பதில் இரண்டு சின்ன வாசலாகும். இந்த யோசனை இத்தாலிய அறுவை மருத்துவர் ஒட்டாவியோ அல்ஃபியேரியுடையது. 1990-களின் தொடக்கத்தில் நெஞ்சைத் திறந்து ஊசி நூலால் அவர் போட்ட தையலைத்தான் பிறகு கிளிப்பாக மாற்றினார்கள். மிட்ராகிளிப் என்ற அந்தக் கிளிப்பை மனிதருக்கு முதன்முதலில் போட்டது 2003-ல், வெனிசுவேலாவின் காரகாஸ் நகரில்.

எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு தொடை வழியா புது வால்வே வெச்சுட்டாங்க. எனக்கு மட்டும் ஏன் கிளிப்பு?

அவருக்குச் செய்தது டாவி, அதாவது தொடை வழியாக அயோர்ட்டிக் வால்வை வைப்பது. அது இதயத்திலிருந்து ரத்தம் உடம்புக்குப் போகும் வாசலில் உள்ள வால்வு, அவருக்கு அதில் லீக் இல்லை, சுருக்கம். வயசாகி வால்வில் சுண்ணாம்பு படிந்து கல் மாதிரி இறுகியிருக்கும். புது வால்வை அதற்குள் விரித்தால் அந்தச் சுண்ணாம்பே அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நோயே நங்கூரம். பிரான்சின் ரூவான் நகரில் ஆலன் கிரிபியே 2002-ல் முதல் ஆளுக்குச் செய்தார். இருபது வருஷத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

லீக் வால்வில் பெரும்பாலும் சுண்ணாம்பு இல்லை. வளையம் மெத்தென்று விரிந்திருக்கும். மிட்ரல் வளையம் வட்டமாகவும் இருக்காது, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் வடிவம் மாறும். ஈரக் களிமண்ணில் ஆணி அடித்த கதை. இன்னொரு சங்கடம், மிட்ரலுக்குப் பக்கத்திலேயே ரத்தம் உடம்புக்குப் போகும் வாசல் இருக்கிறது. அங்கே ஒரு புது வால்வைச் சட்டத்தோடு இறக்கினால், அது பழைய முன் இதழை நெட்டித் தள்ளி அந்த வாசலை அடைத்துவிடலாம். அதனால்தான் சிடி ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் பொய்யாக ஒரு வால்வை வைத்துப் பார்த்து, "இடம் போதவில்லை" என்று பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். முன்பே ஆபரேஷனில் வைத்த திசு வால்வு பழுதானவர்களுக்கு இது எளிது. பழைய வால்வின் வளையமே புதியதைப் பிடித்துக்கொள்ளும்.

அக்காவுக்கு பலூன் போட்டு ஒரே நாள்ல சரி பண்ணாங்க. அதே பலூனை எனக்கும் போடலாமில்ல?

பலூன், ஒட்டிக்கொண்ட வால்வைப் பிரிக்க. உங்கள் வால்வு பிரிந்தே கிடக்கிறது. சின்ன வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வின் ஓரங்கள் ஒட்டிச் சுருங்கும். நம் ஊரில் இது இன்னும் நிறைய. 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களைக் கேட்டால் கதை சொல்வார்கள். ஜப்பானில் கான்ஜி இனோவே 1984-ல் வெளியிட்ட பலூன் முறை இந்தச் சுருக்கத்துக்கு அருமையான வைத்தியம்.

இதில் ஒரு முரண் உண்டு. பலூன் விரியும்போது ஒட்டிய இடம் பிரியாமல் இதழே கிழிந்துவிட்டால், சுருக்கம் போய் லீக் வந்து உட்கார்ந்துவிடும். அப்படி வந்த லீக்குக்குக் கிளிப் பெரும்பாலும் உதவாது. இதழ் தடித்து விறைத்திருக்கும், வாசலும் ஏற்கெனவே சின்னது. அவர்களுக்கு ஆபரேஷன்தான்.

டாக்டர் 'முதல்ல வால்வா, தசையான்னு பார்க்கணும்'னார். லீக்னா லீக்தானே, அதுல என்ன ரெண்டு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கதவு சாத்தவில்லை என்று ஆசாரியைக் கூப்பிட்டால் அவர் முதலில் பார்ப்பது, கோளாறு கதவிலா, நிலையிலா என்றுதான். மிட்ரல் லீக்கிலும் அப்படியே.

கதவுக் கோளாறு என்றால் இதழ் தளர்ந்து மேலே பிதுங்கும். அல்லது இதழை இழுத்துப் பிடித்திருக்கும் நூல் போன்ற கயிறு அறுந்து, இதழ் காற்றில் ஆடும் திரை மாதிரி அடிக்கும். இதை முதல்நிலை லீக் என்பார்கள். இதயத் தசை பெரும்பாலும் நன்றாக இருக்கும். லீக்கை அடைத்தால் பிரச்சினை தீரும்.

நிலைக் கோளாறு என்றால் இதழில் ஒரு குறையும் இருக்காது. மாரடைப்பு வந்தோ, தசை பலவீனமாகியோ கீழறை பலூன் மாதிரி விரிந்துவிடும். சுவர் விலகும்போது கயிறுகளும் விலகி இதழ்களைக் கீழ்நோக்கி இழுக்கும், வளையமும் அகலும். நல்ல இதழ்கள் இரண்டும் தொட முடியாமல் நிற்கும். இது இரண்டாம்நிலை லீக். இங்கே லீக் என்பது நோயின் விளைவு; லீக்கை அடைத்த பிறகும் பலவீனமான தசை அப்படியே இருக்கும். ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் 'சிவியர் எம்.ஆர்.' என்றுதான் எழுதியிருக்கும். அதனால்தான் "என் மாமாவுக்குக் கிளிப் போட்டு நன்றாக இருக்கிறார்" என்பதை வைத்து உங்களுக்கு எதுவும் சொல்ல முடியாது.

நீண்ட நாள் ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு மேலறை விரிந்து வளையம் அகல்வதும் உண்டு. அது மூன்றாவது வகை, இப்போதுதான் தனியாகக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

பேரன் நெட்ல பார்த்தான். ஒரு ஆராய்ச்சி கிளிப் உயிரைக் காப்பாத்துதுன்னு சொல்லுதாம், இன்னொண்ணு ஒரு பிரயோஜனமும் இல்லன்னு சொல்லுதாம். எதை நம்புறது?

இரண்டையும். பேரன் படித்தது 2018-ல் சில வாரங்கள் இடைவெளியில் வந்த இரண்டு ஆய்வுகளாக இருக்கும். இரண்டுமே மேலே சொன்ன நிலைக் கோளாறு உள்ளவர்களைப் பற்றியது; ஒரு பாதிப் பேருக்கு மாத்திரையோடு கிளிப், மறு பாதிக்கு மாத்திரை மட்டும்.

பிரான்சில் நடந்த மித்ரா-எஃப்.ஆர். ஆய்வில் 304 பேர். ஒரு வருஷம் கழித்து இறந்தவர்கள், அல்லது இதயச் செயலிழப்பால் மறுபடி அட்மிட் ஆனவர்கள், கிளிப் பக்கம் 54.6 சதவீதம், மாத்திரை பக்கம் 51.3. வித்தியாசம் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த கோயாப்ட் ஆய்வில் 614 பேர். இரண்டு வருஷத்தில் இறந்தவர்கள் கிளிப் பக்கம் 29.1 சதவீதம், மாத்திரை பக்கம் 46.1. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவதும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கருவி ஒன்றுதான். பதில் வானத்துக்கும் பூமிக்கும்.

இரண்டு ஆய்வுகளையும் துருவிப் பார்த்தவர்கள் கண்டது, ஆட்களின் வித்தியாசம். பிரெஞ்சு நோயாளிகளின் கீழறை ரொம்பப் பெரிது, லீக் அந்த அளவுக்குப் பெரிதில்லை. அமெரிக்கப் பக்கம் கீழறை கொஞ்சம் சின்னது, லீக் பெரிது. அதோடு கோயாப்டில் மாத்திரைகளை முடிந்த மட்டும் ஏற்றிக் கொடுத்து, அதற்குப் பிறகும் லீக் குறையவில்லை என்று ஒரு குழு உறுதி செய்த பிறகே சேர்த்தார்கள். நிலை அளவுக்கு மீறி இற்றுப்போன வீட்டில் கதவை மட்டும் இறுக்கிப் பயனில்லை என்று நான் புரிந்துகொண்டேன். எல்லோரும் இந்த விளக்கத்தை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் வந்த ரீஷேப் ஆய்வில், 505 பேரில், கிளிப் போட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது குறைந்தது, நடமாட்டம் தேறியது. ஆனால் கோயாப்டில் கண்ட மாதிரி உயிர் பிழைப்பதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

கோயாப்டிலேயே ஐந்து வருஷ முடிவில், கிளிப் போட்டவர்களிலும் பாதிக்கு மேல் இறந்திருந்தார்கள். நிலைக் கோளாறு எவ்வளவு கடுமையான நோய் என்பதற்கு இதுவே கணக்கு.

இவ்வளவு லீக் இருக்கும்போது மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டு வான்னு அனுப்புறாங்களே?

தட்டிக்கழிக்கவில்லை. நிலைக் கோளாறு லீக் மாத்திரையிலேயே குறையக்கூடியது. உடம்பில் தேங்கிய நீர் வடிந்து, பிரஷர் இறங்கி, கீழறை கொஞ்சம் சுருங்கினால் இதழ்கள் நெருங்கும். அட்மிட் ஆன அன்று 'சிவியர்' என்று எழுதிய லீக்கை மூன்று மாதம் கழித்து 'மாடரேட்' (நடுத்தரம்) என்று நானே அளந்திருக்கிறேன். சிலருக்கு மின் துடிப்பை ஒழுங்குபடுத்தும் சிறப்பு பேஸ்மேக்கரே லீக்கைக் குறைத்துவிடும். கயிறு அறுந்த லீக் மட்டும் மாத்திரைக்கு மசியாது.

ஏற்கெனவே எக்கோ எடுத்தாச்சு. இப்ப தொண்டைக்குள்ள குழாய் விடணும்ங்கறாங்க. அவசியமா?

கிளிப் பேச்சு வந்துவிட்டால் அவசியம். நெஞ்சின் மேலிருந்து பார்க்கும்போது எலும்பும் நுரையீரல் காற்றும் மறைக்கும். உணவுக்குழாய் இதயத்தின் முதுகை உரசிக்கொண்டு போகிறது. அங்கிருந்து பார்த்தால் மிட்ரல் வால்வு எதிர்வீட்டு ஜன்னல் மாதிரி தெரியும். எந்த இதழின் எந்தப் பகுதி, கயிறு எத்தனை அறுந்திருக்கிறது, சுண்ணாம்பு எங்கே, எல்லாம் முப்பரிமாணப் படத்தில் எண்ணிவிடலாம். வெறும் வயிற்றில் வர வேண்டும். தொண்டை மரத்துப் போக மருந்து அடிப்பார்கள், லேசான மயக்கம் உண்டு. குமட்டல் இருக்கும், பத்துப் பதினைந்து நிமிஷம். விழுங்குவதில் சிரமம், பழைய உணவுக்குழாய் நோய், கல்லீரல் கோளாறால் புடைத்த ரத்தக் குழாய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைக்காதீர்கள்.

கிளிப் போடும் நாளில் இதே குழாய் முழு மயக்கத்தில் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். ஸ்டென்ட் வைக்கும் டாக்டருக்கு எக்ஸ்-ரே போதும். இதழ் எக்ஸ்-ரேயில் தெரியாது. கிளிப் போடுகிறவரின் கண் எக்கோதான். படம் சரியாகக் கிடைக்காத நோயாளிக்குக் கை தேர்ந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் தொழிலைப் பற்றி நாங்களே பெருமையடித்துக்கொள்ளும் ஒரே இடம் இது.

'உங்க வால்வு கிளிப்புக்கு ஏத்த மாதிரி இல்ல'ன்னு சொல்லிட்டாங்க. வால்வுல என்ன குறை?

குறை என்று இல்லை, பிடிமானம் போதவில்லை என்று அர்த்தம். பின் இதழ் 7 மி.மீ.க்கும் குட்டையாக இருந்தால் கிளிப்பின் கையில் உட்காராது. பிடிக்க வேண்டிய இடத்திலேயே சுண்ணாம்பு இருந்தால் கவ்வாது, கவ்வினாலும் கிழியலாம். அறுந்து தொங்கும் இதழுக்கும் எதிர் இதழுக்கும் நடுவே 10 மி.மீ.க்கு மேல் இடைவெளி என்றால் எட்டிப் பிடிப்பது கஷ்டம். லீக் நடுவில் இல்லாமல் ஓரத்து மூலையில் இருந்தால் அங்கே கயிறுகள் அடர்த்தி. கிளிப் அதில் சிக்கிக்கொள்ளும். கிளிப் வந்த புதிதில் இந்த அளவுகளை ரொம்பக் கறாராகப் பார்த்தார்கள். இப்போது அகலமான, நீளமான கிளிப்புகள் வந்திருப்பதால் கை பழகிய இடங்களில் கொஞ்சம் தாண்டியும் செய்கிறார்கள். அதனால் ஒரு இடத்தில் முடியாது என்றதை இன்னொரு இடத்தில் முடியும் என்றால், இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு கிளிப் போதலைன்னா மூணு நாலு போட்டு மொத்தமா அடைச்சுடலாமே?

அடைக்கலாம், ரத்தம் எந்த வழியாகக் கீழே வரும்? நல்ல மிட்ரல் வாசலின் பரப்பு 4 முதல் 6 சதுர செ.மீ. ஒவ்வொரு கிளிப்பும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வாசல் குறுகினால் லீக் நோயாளி சுருக்க நோயாளி ஆகிவிடுவார். மூச்சு வாங்குவது அப்படியே இருக்கும், பெயர் மட்டும் மாறும். அதனால்தான் தொடக்கத்திலேயே 4 சதுர செ.மீ.க்குக் குறைவான வாசலில் யோசிக்கிறார்கள். கேத் லேபில், அதாவது கிளிப் போடும் அறையில், ஒவ்வொரு கிளிப்பையும் விடுவிக்கும் முன் வாசலின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தை அளந்து சொல்வோம். சராசரி 5 மி.மீ. பாதரச அளவைத் தாண்டினால் டாக்டர் கை நிற்கும்.

அப்போது வெளியே காத்திருக்கும் குடும்பத்திடம் "கொஞ்சம் லீக் மிச்சம் விட்டிருக்கிறோம்" என்று வந்து சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கு முகம் சுருங்கும். அது அரைகுறை வேலை இல்லை. இன்னொரு கிளிப் போட்டிருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும் என்ற கணக்கு.

கிளிப் கழண்டு ரத்தத்துல போயிடுமா?

முழுதாகக் கழன்று போவது மிக மிக அபூர்வம். நடக்கக்கூடியது வேறு: ஒரு இதழின் பிடி விட்டு, மற்ற இதழில் மட்டும் தொங்குவது. நடந்தால் பெரும்பாலும் முதல் சில நாள், சில வாரங்களுக்குள் தெரிந்துவிடும். லீக் பழையபடி வரும். இன்னொரு கிளிப்பால் அதை நிலைநிறுத்தப் பார்ப்பார்கள், இல்லையென்றால் ஆபரேஷன். சில மாதங்களில் கிளிப்பின் துணி உறை மேல் உடம்பின் சதையே வளர்ந்து மூடிவிடும். அதன்பின் பயம் குறைவு.

மற்ற ஆபத்துகளையும் ஒளிக்காமல் சொல்கிறேன். தொடையில் ரத்தக் கசிவு, இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்வது, பக்கவாதம், கயிறு அறுவது. நடுச்சுவரில் போட்ட துளை பலருக்குத் தானே சுருங்கிவிடும். சிலருக்குச் சிறிதாக நிற்கும். அதை அடைக்க வேண்டிய நிலை குறைவு.

எனக்கு அறுபதுதான் ஆகுது, சுகர்கூட இல்ல. நெஞ்சைப் பொளக்க பயமா இருக்கு. கிளிப்பே போட்டுக்கறேனே?

பயம் நியாயம். ஆனால் கதவுக் கோளாறு உள்ள, உடல் நலமான ஆளுக்கு வால்வைத் தைத்துச் சரிசெய்யும் ஆபரேஷன்தான் இன்றும் முதல் வழி. 2011-ல் வெளியான எவரெஸ்ட் ஆய்வில் 279 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் மாதத் தொந்தரவுகள் கிளிப் பக்கம் ரொம்பக் குறைவு. ஆனால் ஒரு வருஷத்தில், வால்வுக்காக ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் கிளிப் பக்கம் 20 சதவீதம், ஆபரேஷன் பக்கம் 2 சதவீதம். அது பழைய கிளிப், போட்ட டாக்டர்களின் கைகளும் அதற்குப் புதிது. இன்று முடிவுகள் தேறியிருக்கின்றன. இருந்தும் காரணம் மாறவில்லை. ஆபரேஷனில் அகன்ற வளையத்துக்கு ஒரு பட்டை போட்டு இறுக்குவார்கள், அறுந்த கயிறுக்குப் புதுக் கயிறு கட்டுவார்கள். கிளிப் வளையத்தைத் தொடுவதே இல்லை.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. கிளிப் தோற்ற பிறகு ஆபரேஷனுக்குப் போனால், சதை வளர்ந்து மூடிய கிளிப்பைப் பிரிக்கும்போது இதழ் சேதமாகும். சரிசெய்திருக்கக்கூடிய வால்வை எடுத்துவிட்டு மாற்ற வேண்டிவரும். மாற்று வால்வு உலோகமாக இருந்தால் (திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு உட்பட) ஆயுளுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, மாதா மாதம் ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்ட். அறுபது வயதில் முதல் வாய்ப்பை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி. எண்பது வயதுக்காரருக்கும், மறுபடி நெஞ்சைத் திறக்க முடியாத பைபாஸ் ஆனவருக்கும் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

அம்மாவுக்கு வலது பக்க வால்வுல லீக். காலெல்லாம் வீக்கம், வயிறு உப்பிடுது. அதுக்கும் கிளிப் இருக்காமே?

இருக்கிறது, ஆனால் இன்னும் கடினமான வேலை. டிரைகஸ்பிட் வால்வில் மூன்று இதழ், சிலருக்கு நான்கு. இடைவெளிகள் பெரிது, இதழ் மெல்லிசு. உணவுக்குழாயிலிருந்து தள்ளி முன்பக்கம் இருப்பதால் எக்கோ படம் மங்கல். எங்களுக்கு வியர்க்கும் இடம் அதுதான். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அதன் வயரே வால்வின் நடுவே போகும், சில சமயம் லீக்கின் காரணமும் அதுவே.

2023-ல் வந்த டிரைலுமினேட் ஆய்வில் 350 பேர். கிளிப் போட்டவர்களுக்கு அன்றாட வாழ்க்கை தெளிவாக மேம்பட்டது. முதல் வருஷத்தில் உயிரிழப்பிலோ ஆஸ்பத்திரிக்கு வருவதிலோ வித்தியாசம் தெரியவில்லை. 2024-ல் அமெரிக்கா இந்தக் கிளிப்பையும், தொடை வழியாக வைக்கும் எவோக் என்ற முழு டிரைகஸ்பிட் வால்வையும் அனுமதித்தது. முழு வால்வு லீக்கை நன்றாக அடைக்கிறது, ஆனால் பக்கத்தில் ஓடும் மின் பாதையை அழுத்துவதால் கணிசமான பேருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் கெட்ட பிறகு அழைத்து வருவதுதான் இதில் பெரிய பிரச்சினை. "கால் வீக்கம்தானே, நீர் மாத்திரை போட்டால் வடிந்துவிடும்" என்று வருஷக்கணக்கில் ஓட்டிவிடுகிறோம்.

எனக்கு அயோர்ட்டிக் வால்வுலதான் லீக். அப்ப டாவி பண்ணிடலாமா?

பக்கத்து வீட்டுக்காரர் கேள்வியில் சொன்ன நங்கூரப் பிரச்சினை உங்களுக்கு முழுசாகப் பொருந்தும். சுண்ணாம்பு இல்லாத வால்வில் சாதாரண டாவி வால்வு நழுவலாம், ஓரமாகக் கசியலாம். இதழ்களையே கவ்விப் பிடித்து நிற்கும் ஜெனாவால்வ் போன்றவை லீக்குக்காகவே வந்திருக்கின்றன. ஐரோப்பாவில் 2021-ல் அனுமதி கிடைத்தது. ஆபரேஷன் தாங்குகிறவர்களுக்கு ஆபரேஷன்தான் சொல்வார்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? முதலமைச்சர் காப்பீட்டுல வருமா?

காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷ வரம்பு 5 லட்சம். இறக்குமதிக் கிளிப்பின் விலை மட்டுமே அதைத் தாண்டிவிடும். கிளிப்போடு வரும் குழாய், கைப்பிடி எல்லாம் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுபவை, அதுவும் விலைக்கு ஒரு காரணம். வால்வு ஆபரேஷன் காப்பீட்டில் இருக்கிறது. குஜராத்தின் மெரில் நிறுவனம் 2025-ல் மைக்ளிப் என்று உள்நாட்டுக் கிளிப்பைக் கொண்டுவந்திருக்கிறது. பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: இரண்டாவது கிளிப் தேவைப்பட்டால் தனிக் காசா, உள்ளே போய்ப் பிடிக்க முடியாமல் வெளியே வந்துவிட்டால் எவ்வளவு. இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, பிறகு பில்லிங் கவுன்டரில் சண்டை.

கிளிப் போட்ட பிறகு பல் பிடுங்கலாமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பல் வேலைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவை என்று இதய டாக்டரிடம் எழுதி வாங்கிப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். வால்வில் கிருமி தொற்றினால் பெரும் சிக்கல். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், கிளிப் போட்டதும் கொடுக்கும் அட்டையைக் காட்டினால் அதற்கேற்ற அளவில் எடுப்பார்கள். அந்த அட்டையைப் பீரோவில் பூட்டி வைக்காமல் பர்ஸில் வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எத்தனை மாதம் என்பது துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்பாவுக்கு எண்பத்திரண்டு. 'எனக்கு எதுவும் வேணாம், விட்டுடுங்க'ங்கறார். நாங்க வற்புறுத்தணுமா?

அவர் எதற்கு 'வேண்டாம்' என்கிறார் என்று முதலில் கேளுங்கள். பலர் கிளிப்பையும் ஆபரேஷன் என்றே நினைத்து, நெஞ்சைப் பிளப்பார்கள் என்று பயந்து மறுக்கிறார்கள். சிலர் பிள்ளைகளுக்குச் செலவு என்று மறுக்கிறார்கள். இரண்டும் இல்லாமல், எல்லாம் புரிந்து வேண்டாம் என்றால் அதுவும் ஒரு முடிவு. டாக்டரிடம் கேட்க வேண்டியது, "கிளிப் போட்டால் இவரால் என்ன முடியும், இப்போது என்ன முடியவில்லை" என்பது. படுத்துத் தூங்க முடியும், தெருமுனை வரை நடக்க முடியும் என்றால் அதற்கு ஒரு விலை உண்டு. சிறுநீரகம், ஞாபக மறதி, படுக்கையோடு கிடக்கும் பலவீனம் என்று பலதும் சேர்ந்திருந்தால், லீக்கை அடைத்த பிறகும் அவரால் எழுந்து நடக்க முடியாமல் போகலாம். அதை வெளிப்படையாகச் சொல்லும் டாக்டர் கிடைத்தால் நல்லது.

வேண்டாம் என்றாலும் சிகிச்சை நின்றுவிடாது. நீர் மாத்திரையை ஏற்றி இறக்குவது, உப்பைக் குறைப்பது, துடிப்பைக் கட்டுப்படுத்துவது எல்லாம் தொடரும். தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுவதற்கு முன், ஒரே தராசில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால், மூச்சு வாங்கும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்யுங்கள்.